செப்புத் தகடும் புல்லாங்குழல் தட்டும்

"அண்ணாச்சி, போன்ல விரலை வச்சா உலகத்துல உள்ள பாட்டெல்லாம் வருது. எதுக்கு இம்புட்டு அகலத் தட்டுகளை அடுக்கி வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறீக?"

போன மாதம் செல்வம் இப்படிக் கேட்டான். நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் இப்போது போர்மேனாக இருக்கிறவன் அவன். கேள்வி புதிதல்ல. வெம்பக்கோட்டைப் பக்கம் என் வீட்டுக்கு வருகிற எல்லாப் போர்மேன்களும் கேட்பதுதான். ஆனால் அவர்களே என் இசைத்தட்டு அறைக்குள் நுழையும்போது, யாரும் சொல்லாமலே கதவோரம் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பழக்கம். அப்புறம்தான், "இங்கன எதுக்கு இது?" என்று விழிக்கிறார்கள். செல்வமும் விழித்தான். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்ல ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் அய்யா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். மழை ஏமாற்றிய ஒரு வருடம் என்னை ஆபீசுக்கு அனுப்பினார். பெட்டி ஒட்டினேன், லோடு ஏற்றினேன், திரி வெட்டினேன். மீசை முளைத்ததும் சோதனைப் பொட்டலுக்குப் போட்டார்கள். செய்த சரக்கில் மாதிரி எடுத்து வெடித்துப் பார்க்கிற இடம் அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை டமார் டமார் என்று வெடித்துக்கொண்டே இருக்கலாம், அதற்குச் சம்பளமும் உண்டு. அந்த வயதில் அதைவிட என்ன வேண்டும்? தெருவில் நான் மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

எங்கள் மானேஜர் திரவியம் சார். விருதுநகர்க்காரர். ஒல்லியான உடம்பு, அரைக்கை கதர்ச் சட்டை, கையில் கடிகாரம் கிடையாது. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வெடிமருந்து கலக்கும் அறை வாசலில் காலையில் வந்து நின்றுகொள்வார். உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார், துணியைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார். செருப்பு இருக்கக் கூடாது. பருத்தித் துணி தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. வாசலில் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். வெறும் உள்ளங்கையை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொரியுமே, அந்த மின்சாரம் நம் உடம்பில் தங்காமல் மண்ணுக்குப் போய்விடும். வீட்டில் அந்தப் பொரி விளையாட்டு. மருந்து அறையில் ஒன்றே ஒன்று போதும்.

"கை வச்சியா?" என்பார்.

"வச்சேன் சார்."

"சரி, இன்னொரு தடவை வையி."

பொய் சொல்கிறாயா என்று கேட்க மாட்டார். வைத்தவனும் இன்னொரு தடவை வைப்பான், வைக்காதவனும் வைப்பான். யாருக்கும் அவமானம் இல்லை, வேலையும் நடந்துவிடும். இப்படி ஒரு மேலதிகாரி அமைய நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மருந்து அறைகளில் மின்சாரம் கிடையாது. அதனால் ரேடியோ, பாட்டு என்ற பேச்சே இல்லை. முன்பக்கம் கணக்கு அறையில் மட்டும் பல்பும் மின்விசிறியும் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்க அந்த அறைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் எல்லோரும் காத்திருப்போம். காத்திருக்கிற நேரத்தில் சண்டை வரும். யாருக்கு முதலில், யாருக்குப் பிந்தி என்று. ஒரு சனிக்கிழமை சார் தன் வீட்டிலிருந்து இசைத்தட்டு ஓடும் பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டார். அதிலிருந்து சண்டை நின்றுபோனது.

அவர் தட்டைக் கையாளுகிற விதத்தைப் பார்க்கவே நான் முன்வரிசையில் உட்காருவேன். கையைக் கழுவித் துடைப்பார். ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொடுவார். உறையை வயிற்றோடு அணைத்துச் சாய்த்துத் தட்டை நழுவ விடுவார், இழுக்க மாட்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில், ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஊசியை இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். நாங்களும் பிடித்துக்கொள்வோம். மருந்து அறையில் அவர் நடந்துகொள்வதற்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. மருந்தைத் தொடுகிற அதே மரியாதையோடு ஒரு மனிதர் பாட்டையும் தொடுகிறாரே என்று எனக்கு அப்போதே ஆச்சரியம்.

அவருக்கு மிகவும் பிடித்தது ஒரு புல்லாங்குழல் தட்டு. ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு. ஒரு சனிக்கிழமை ரெண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது சுற்றிலும் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். பொம்பளைகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தேன். சார் ஊசியைத் தூக்கவில்லை. ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"மாரி, என்ன கேக்குது?"

"பாட்டு சார். மிருதங்கம் நல்லா வாசிக்காரு."

"புல்லாங்குழலு?"

நான் முழித்தேன். தட்டில் ஒரு கீறல். குழல் மூன்று படி ஏறுவதும், ஊசி துள்ளிப் பழைய இடத்துக்கே வருவதும், மறுபடி அதே மூன்று படி ஏறுவதுமாகத் தட்டு மாட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறது. அதற்குத்தான் அத்தனை சிரிப்பு. உச்சியில் போகிற குழல் சத்தமே என் காதில் விழவில்லை. அடியில் தும் தும் என்று போன மிருதங்கத்தைத்தான் நான் அவ்வளவு நேரமும் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரவில் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுவதை, சோதனைப் பொட்டலில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

சார் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை நான் பொட்டலுக்குப் போனால் அங்கே அவர் நிற்கிறார், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கையில் ஊதுவத்தியோடு. "நீ மருந்து ரூமுக்குப் போ. இனிமே இங்கன ஒரு ஆளு ஒரு வாரத்துக்கு மேல நிக்கக் கூடாது. முறை போட்டிருக்கேன்" என்றார். முறையில் முதல் பெயர் அவருடையது. மானேஜர் வெடி வெடிக்கிறதாவது என்று முதலாளி வீட்டில் கேட்டார்களாம். "ஆள் குறைவு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த முறையிலிருந்து தன் பெயரை எடுக்கவே இல்லை.

என்னை விருதுநகர்க் காது டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். "போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்திக்கோங்க, சத்தத்தை விட்டுத் தள்ளியிருந்தா அது கொஞ்சம் தெளியும்" என்றார் டாக்டர். மிச்சம் என்று ஒன்று இருந்ததே அன்றைக்கு எனக்குப் பெரிய செய்தி. மருந்து அறையில் அமைதி. மரக் கரண்டி, சல்லடை, மூச்சு, அவ்வளவுதான் சத்தம். ஒரு வருடம் போல ஆனபின் ஒரு சனிக்கிழமை வேப்பமரத்தடியில் அந்தக் குழல் மூன்று படி ஏறி மாட்டிக்கொண்டதை நானே கேட்டேன். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று எல்லோரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கப்புறம் பரீட்சை எழுதிப் போர்மேன் ஆனது, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் எல்லோருக்கும் நடக்கிற மாதிரி நடந்தது. தட்டுப் பைத்தியம் மட்டும் எனக்கென்று தனியாக வந்தது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் காதர் பாய் எனக்குக் கூட்டாளி. ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறித் தட்டுகளைக் கழித்துக் கட்டியபோது அவர் மூட்டை மூட்டையாக வாங்கிக் குடோனில் வத்தலோடு வத்தலாக அடுக்கி வைத்தார். இன்றைக்கும் அவரிடமிருந்து ஒரு தட்டு வாங்கி உறையைத் திறந்தால் முதலில் தும்மல் வரும். அப்புறம்தான் பாட்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடோனில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் போட்டுக் கேட்போம். ஒரு பக்கம் முடிகிற வரை வியாபாரம் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

செல்வத்துக்கு நான் சொன்ன பதில் இதுதான். போனில் பாட்டு நம் பின்னால் ஓடி வருகிறது. தட்டில் நாம் பாட்டிடம் போக வேண்டும். கை கழுவ வேண்டும், தூசி பார்க்க வேண்டும், பக்கம் முடிந்தால் எழுந்து திருப்பிப் போட வேண்டும். அவசரக்காரனுக்கு அங்கே வேலையே இல்லை. ஊசி தொட்டதும், பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு கேட்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே எத்தனை தட்டும் வாங்கலாம். ஆயுசு முழுவதும் நிதானத்துக்கே சம்பளம் வாங்கியவனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு எங்கே இருக்கிறது?

ஓய்வு பெற்றதும் பின்கட்டில் இந்த அறையைக் கட்டினேன். காய்ந்த நாளில் தட்டில் மின்சாரம் ஏறும். ஏறினால் அறையில் உள்ள தூசியெல்லாம் அதில் போய் ஒட்டும். பாட்டு பொரிகடலை வறுக்கிற மாதிரி ஓடும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. வாசலில் செப்புத் தகடு பதித்து மண்ணுக்குக் கம்பி இறக்கினேன். என் மனைவி பாக்கியம், "ரிட்டயர்டு ஆயிட்டாருன்னு பாத்தா, இவுக வீட்டுக்குள்ளயே ஒரு மருந்து ரூமைக் கட்டிட்டாக" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதோடு விட்டேனா? கோடையில் மின்சாரம் ஏறாமலிருக்க மருந்து அறைகளில் ஈரச் சாக்கு விரிப்போமே, அந்த ஞாபகத்தில் இங்கேயும் இரவு பகலாக விரித்து வைத்தேன். மழைக்காலம் வருவதற்குள் உறைகளிலெல்லாம் பூஞ்சை. காதர் பாய் ஓர் உறையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வெடிக்கிற சரக்கு இல்ல, அட்டை. உங்க மருந்து ரூம் வித்தைய இதுல காட்டாதீக" என்று கும்பிட்டார். அதிலிருந்து தட்டு ஓடுகிற நேரத்துக்கு மட்டும்தான் ஈரச் சாக்கு.

இதற்கிடையில் திரவியம் சாருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. வயது ஒரு பக்கம். அந்தப் பொட்டல் ஒரு பக்கம். ஒரு நாள் தன் தட்டுகளை எல்லாம் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், அந்தப் புல்லாங்குழலையும் சேர்த்து. நான் விழுந்தடித்துக்கொண்டு போய் நின்றேன். "எனக்கு எதுக்குலே? நீ கேளு" என்று மட்டும் சொன்னார். பார்க்கப் போகும்போதெல்லாம் சிலேட்டில் எழுதித்தான் பேசிக்கொண்டோம். பாட்டைப் பற்றி மட்டும் நான் எழுதவே மாட்டேன்.

இந்தக் கோடையில் அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "அண்ணே, அப்பாவுக்குப் புதுசா காது மிஷின் வாங்கி மாட்டியிருக்கு. பக்கத்துல நின்னு பேசினா கேக்குது. மாட்டினதுலருந்து ஒரே பிடிவாதம். அந்தப் புல்லாங்குழல் தட்டைக் கேக்கணுமாம். கீறல் விழுந்ததாமே, அதுதான் வேணுமாம்."

என்னிடம் கீறல் இல்லாத நல்ல புல்லாங்குழல் தட்டுகள் இருந்தன. அவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். சார் எதையும் தொடவில்லை. பழையதைக் காட்டி, "இது. ஒரு பக்கம் முழுசா" என்றார்.

காதர் பாயின், கையில் தூக்கிப் போகிற தட்டுப் பெட்டியை இரவல் வாங்கிப் போயிருந்தேன். நான் அதைப் பொருத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டெல்லா, பாவம், நல்லதுக்குத்தான் செய்தாள், தட்டை எடுத்துத் தன் நைலக்ஸ் சேலைத் தலைப்பால் பரபரவென்று துடைத்துவிட்டாள். "அய்யோ" என்று நான் கத்தியதில் அவள் பயந்துபோனாள். வெளியே உச்சி வெயில், அனல் காற்று. ஊசியை வைத்தேன். எனக்கே சரவெடி கொளுத்திய மாதிரி இருந்தது. காது மிஷின் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கித் தருகிற சாமான். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு பொரிக்கும் அவர் தோள் துள்ளியது. குழல் ஆரம்பிக்கும் முன்னாலேயே மிஷினைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டார்.

"ரூம் வெடிக்க மாதிரி இருக்குலே" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஆயுசில் ஒரு வெடி விபத்தைக்கூடத் தன் அறைகளில் நடக்க விடாத மனிதர் அவர்.

அவர் எனக்குக் காதைக் கொடுத்தவர். அவருக்கு ஒரு பக்கப் பாட்டைக் கொடுக்க என்னால் முடியாதா? தட்டை வீட்டுக்கு எடுத்து வந்து வேலையை ஆரம்பித்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு. மெல்லிய தூரிகையால் கோடு போகிற போக்கிலேயே சுற்றிச் சுற்றி, நடுவில் உள்ள காகிதத்தில் ஈரம் படாமல். நல்ல தண்ணீரில் அலசல். துடைக்காமல், பாக்கியத்தின் அடுக்களைத் தட்டு ஸ்டாண்டில் செங்குத்தாக நிழலில் உலர்த்தல். ஓடவிட்டுக் கேட்டு, பொரி இருந்தால் மறுபடி முதலிலிருந்து. நாலைந்து நாளில் தட்டு அமைதியானது. கீறலை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காதர் பாய் வந்து கேட்டுவிட்டு, "மொதப் பாட்டு தேன் மாதிரி இருக்கு. அதோட நிறுத்திருங்க அண்ணாச்சி. ரெண்டாவது எதுக்கு?" என்றார். "ஒரு பக்கம் முழுசா" என்று சார் சொன்னது நினைவில் இருந்தது. சரி, மாட்டுகிற இடத்தில் சட்டென்று ஊசியைத் தூக்கித் தள்ளி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மருந்து கலக்குவது எப்போதும் வெயில் ஏறும் முன்னால்தான். அதே கணக்கில் சாரை விடிகாலையில் வரச் சொன்னேன். ஸ்டெல்லா இந்தத் தடவை பருத்திச் சேலையில் வந்தாள். அறையில் ஈரச் சாக்கு விரித்து, மின்விசிறியை நிறுத்தி, வெறுங்காலோடு நான் நின்றிருந்தேன். சார் மெதுவாக நடந்து வந்தார். செருப்பை வெளியே விட்டார். கதவோரம் தகட்டைப் பார்த்ததும் நின்றார். உள்ளங்கையை அதில் வைத்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வச்சியா?" என்றார்.

"வச்சேன் சார்."

"சரி, இன்னொரு தடவை வையி."

வைத்தேன். பாக்கியம் கதவுக்குப் பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தட்டை நழுவ விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஊசியை இறக்கினேன். பொரி இல்லை. அந்தச் சின்ன மூச்சு. பிறகு குழல். சார் கண்ணை மூடிக்கொண்டார். முழங்காலில் விரல் தாளம் போட்டது. ஒரு தரம்கூட அவர் தோள் துள்ளவில்லை. முதல் பாட்டு முழுவதும் நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தபோது அவர் காதைத் தடவிக்கொண்டார். நானும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.

ரெண்டாவது பாட்டில் என்னை மறந்துவிட்டேன். அந்தக் குழல் அப்படி. மூன்று படி ஏறியது; துள்ளியது; மறுபடி அதே மூன்று படி. முதல் சுற்றிலேயே நான் துள்ளி எழுந்து பெட்டியிடம் ஓடினேன். ஊசியைத் தூக்கக் கை நீட்டியபோது சார் பக்கம் பார்த்தேன். அவர் கண் திறந்திருந்தது. தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாட்டிக்கிச்சா?"

தலையை ஆட்டினேன். "அதே இடந்தான் சார்."

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "எனக்குக் கேக்கலலே" என்றார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். காது மிஷின் அதற்குள் கிடந்தது. "மொதப் பாட்டோட கழட்டிட்டேன். என் காது அம்புட்டுத்தான் தாங்கும். அதுவே எனக்கு நெறைய. இந்தப் பாட்டு உனக்கு. வயசாயிருச்சே, இவன் காது எப்படி இருக்கோன்னு ரொம்ப நாளா ஒரு யோசனை. அந்த இடம் வந்ததும் எந்திரிக்கியான்னு பாக்கத்தான் வந்தேன்."

குழல் அதே மூன்று படியை ஏறிக்கொண்டே இருந்தது.

"போட்டுக் கேளு. நிறுத்தாத" என்றார்.

ஊசியைத் தூக்கிக் கீறலைத் தாண்டி வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். மிச்சப் பாட்டை நான் கேட்டேன். நான் கேட்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.